சாமிப் பிடி

விளக்கெண்ணெய்க்கும் அந்தக் கை மசியவில்லை. ஆஞ்சப்பன் செத்துப்போன அப்பனின் வலது கையைத் தன் தொடைமேல் இழுத்து வைத்துக்கொண்டு, மூடிக்கிடந்த விரல் இடுக்குகளில் மூன்றாம் முறையாக எண்ணெயை விட்டான். கட்டைவிரலை நெம்பினான். நேற்று உச்சிப்பொழுதிலிருந்து இறுகிக்கிடந்த விரல் இம்மியும் நகரவில்லை.

"அந்தப் பக்கம் புடிம்மா. சும்மா பாத்துக்கினு நிக்கிறியே."

கெம்பம்மா புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் கையை அவள் இப்படி நிதானமாகப் பிடித்துப் பார்த்ததில்லை. உயிரோடு இருந்தபோது அதில் எப்போதும் ஏதாவது இருக்கும். சாவிக்கொத்து இருக்கும், படி இருக்கும், இரண்டும் இல்லாத நேரத்தில் அவள் தலைமயிர் இருக்கும்.

"உடு. ஒடைஞ்சிடப் போவுது" என்றாள்.

"ஒடைஞ்சா என்னா? வலிக்கவா போவுது?"

அவனுக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். கையைக் கீழே வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பிணத்துக்கு வேட்டி மாற்றுவதாக வெளியே சொல்லியிருந்தார்கள். வாசலில் பந்தலுக்குக் கால் நடுகிற சத்தம் கேட்டது. சாமல்பட்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் வெங்கடம்மா ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர வேண்டும். அவளுக்காகத்தான் பிணம் ஒரு ராத்திரி காத்துக்கிடந்தது.

"துணியைச் சுத்தி ரெண்டு கையையும் சேத்துக் கட்டிடறன். யாராவது கேட்டா மார்வலி, கை இறுகிக்கிச்சின்னு சொல்லு."

"எத்தினி பேருகிட்ட சொல்றது?"

"கேக்கறவன் அத்தினி பேருகிட்டயும்."

அந்தப் பிடிக்குள் இருந்தது ராகி. எட்டு வருஷத்துக் குழி ராகி.

செத்துக்கிடந்த கரியப்பக் கவுடர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று ஊரில் சொன்னால், அது கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகும். எச்சில் கையில் பருக்கை ஒட்டியிருந்தால்தானே அந்தப் பயம் வரும்? அவர் விரலை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுவார். பெங்களூருக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்தார். டயர் தேயும் என்று ஏறவே இல்லை. சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, விட்டத்தில் தொங்கவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அது கெம்பம்மாவின் தலைக்குமேல் தொங்குகிறது. சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. சாவி கொடுத்தால் உள்ளே சக்கரம் தேயுமாம். அந்த வீட்டில் எப்போதும் மணி ஒன்பதே கால்தான்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தது குழி. வாய் ஓர் ஆள் இறங்குகிற அகலம், உள்ளே போகப் போகக் குடம் மாதிரி விரியும். சுற்றிலும் வைக்கோல் புரி வைத்து, ராகியைக் கொட்டி, வாயில் கல்லைப் போட்டு மண் பூசிவிட்டால் பத்து வருஷமானாலும் பூச்சி அண்டாது. யுத்த காலத்தில் நிரப்பி மூடியது. பிறகு யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ஓட்டுப் பெட்டி வந்தது, கவுடர் கல்லை நகர்த்தவில்லை. இந்த இரண்டு வருஷமாக வானம் பொய்த்து, கெலமங்கலம் சந்தையில் ஜனங்கள் புளியங்கொட்டையை வாங்கி வறுத்துத் தின்கிற நிலை வந்தபோதுதான் அவர் முகத்தில் களை வந்தது. ஓசூர் மண்டிக்காரர் இரண்டு நாளில் வண்டிகளோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க நேற்று காலை கல்லை நகர்த்தினார்கள்.

மூடிக்கிடந்த குழிக்குள் உடனே ஆள் இறங்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே காற்று செத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். பண்ணையாள் சென்றாயன் விளக்கை இறக்கினான். பாதிக்குப் போவதற்குள் அணைந்துவிட்டது.

"காத்து கெட்டுக் கெடக்குது, கவுடரே. சாயங்காலம் வரைக்கும் தொறந்து கெடக்கட்டும்."

கவுடர் விளக்கை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே எண்ணெய்ச் சத்தமே இல்லை. இருக்காது. ஊற்றியது அவர்தானே? ஒரு கரண்டிக்கு மேல் எண்ணெய் கண்ட விளக்கு அந்த வீட்டில் கிடையாது.

"எண்ணெ தீந்து அணைஞ்சிருக்குது. காத்தாம், காத்து."

"வேற வெளக்கு உட்டுப் பாத்துடலாங்க."

"எண்ணெ உங்கப்பன் ஊத்துவானா? சாயங்காலம் வரைக்கும் தொறந்து போட்டா ஊரே வந்து எட்டிப் பாக்கும்."

"சென்றாயனை எறக்கலாம் நைனா" என்றான் ஆஞ்சப்பன்.

"இவனை எறக்கிட்டு? கோவணத்துல ரெண்டு புடி முடிஞ்சிக்கினு ஏறுவான். நான் பாத்துக்கறன்."

இப்படியாக, பிறத்தியாரை நம்பாத குணம் சென்றாயன் உயிரைக் காப்பாற்றியது. கவுடர் கயிற்றைப் பிடித்து இறங்கினார். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோகிற அளவுக்கு மூச்சு இருந்தது. "நல்லாத்தான் இருக்குது" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

புங்கமரக் கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டி, மேலும் கீழும் இழுத்து இழுத்து உள்ளே காற்றைப் புரட்டினார்கள். சத்தம் கேட்டு கெம்பம்மா ஓடிவந்தபோது சென்றாயன் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். அவன் கயிறு கட்டி மேலே அனுப்பியது வெறும் உடம்பை. முகத்தில் வேதனைகூட இல்லை. விலை படிந்த மனுஷனின் முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் கெம்பம்மாவுக்கு அழுகைக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. ராகிக்கு மேலேயா உனக்கு உயிர் போக வேண்டும் என்று அந்த முகத்தில் ஓர் அறை விடலாம் போலிருந்தது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கட்டு உண்டு. குழியில் உயிர் போனால் அந்தத் தானியம் வீட்டு அடுப்புக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது. செத்தவன் பேரால் வீட்டார் முதல் பிடியைச் சங்கூதிப் பிச்சைக்கு வரும் தாசய்யாவின் பாத்திரத்தில் போட வேண்டும். அதன்பிறகு குழி ஊருக்கு. பிச்சையாகப் போனால் அன்னம், வைத்துக்கொண்டால் பிணம் என்பார்கள். விஷயம் தெரிந்தால் ஓசூர் மண்டிக்காரர் இந்தத் திசைக்கே வண்டி பூட்டமாட்டார்.

ஆகவே கவுடர் கட்டிலில் படுத்தபடி மார்வலியால் செத்தார். கல் பழையபடி குழிவாயில் ஏறியது. "வாயத் தொறந்தா இந்த ஊருல உனக்குக் குடிசை இருக்காது" என்று ஆஞ்சப்பன் சென்றாயனிடம் சொன்னான். அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னான். போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள் என்றான். அவள் பேசாமலிருந்தாள். பேசாமலிருந்து பழக்கம்.

இப்போது அவன் அப்பனின் கைகளைச் சேர்த்துத் துணியால் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"கெணறு வத்திக் கெடக்குதும்மா. இன்னும் மூணு ஆளு ஆழம் தோண்டி எஞ்சின் வெச்சா ரெண்டு போகம் நெல்லு எடுப்பன். நைனா மாதிரி மூட்டை கட்டி வெச்சிக்கினு கெடக்கமாட்டன். நான் கேக்கறது தப்பா?"

தப்பில்லை. அவளுக்கே அது தெரிந்தது. இருபத்தெட்டு வயசு வரைக்கும் அப்பன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவன். ஆனால் எஞ்சின் வந்தபிறகு இவன் அதைச் சாக்கில் சுற்றிக் கட்டமாட்டான் என்று யார் கண்டது? நாலு வேலி, நாற்பது பூட்டு என்று சேர்த்த மனுஷன் கடைசியில் கொண்டுபோவது அதே ஒரு பிடி. அதையும் மகன் பிடுங்கப் பார்க்கிறான்.

அவளுடைய வெட்கம் வேறு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கெம்பம்மா காலையில் ராகி அரைக்குமுன் ஒரு பிடி எடுத்து மூலையில் தொங்கும் சட்டியில் போடுவாள். சாமிப் பிடி என்று பெயர். சனிக்கிழமை தாசய்யா வந்தால் அந்தச் சட்டி அவர் பாத்திரத்தில் கவிழும். சாமிக்கு என்ன, ராகி இல்லாமலா கிடக்கிறது? கையில் வந்தது எதுவும் நம்முடையதில்லை, நம் கைவழியாகப் போகிறது, அதைத் தினம் ஒரு தரம் கைக்கு ஞாபகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அவள் இதையெல்லாம் வார்த்தையாக யோசித்ததில்லை. அந்த ஒரு பிடி போட்டால் அன்றைக்குக் களி கிளறும்போது மனசு லேசாக இருக்கும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கவுடர் ஒருநாள் சட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். அன்றைக்கே அதை வாசல் கல்லில் போட்டு உடைத்தார்.

அதன்பிறகும் அவள் பிடி எடுத்தாள். எடுத்து, கண்ணை மூடி "நாராயணா" என்று சொல்லி, அதே குவியலில் திரும்பப் போட்டாள். பதினெட்டு வருஷம் தினம் கொடுத்தாள், தினம் திரும்ப வாங்கிக்கொண்டாள். புருஷன் ஊரை ஏமாற்றினார் என்றால், அவள் சாமியையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். தாசய்யா மட்டும் விடாமல் சனிக்கிழமை தோறும் வந்து, வாசலில் நின்று சங்கை ஊதி, வெறும் பாத்திரத்தோடு போனார். "ஊதறதுக்கு நமக்கு என்னா செலவு, ஊதிட்டுப் போவட்டும்" என்பார் கவுடர்.

வெங்கடம்மா வெயில் ஏறியபிறகு வந்தாள். தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து பிணத்தின்மேல் விழுந்தாள். ஒப்பாரி நன்றாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவது அடியிலேயே வழி தவறிவிட்டது.

"ஒரு மொறம் ராகி கேட்டு பஸ்ஸை உட்டு எறங்கி ஒன்பது மைலு நடந்து வந்தேனே, வெறுங்கூடையோட அனுப்புனியே நைனா..."

பந்தலில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் துண்டால் வாயை மறைத்தார்கள். கூட்டம் நிறையத்தான் வந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் கவுடர் நிஜமாகவே எதையும் எடுத்துக்கொள்ளாமல் போகிறாரா என்று பார்க்க வந்தவர்கள்.

"எழவுக்காவது கஞ்சி ஊத்துவாங்களா?"

"மூக்குல பஞ்சு வெச்சிருக்காங்க பாரு, அதையே இந்நேரம் எழுந்து புடுங்கி எடுத்துக்குவாரு."

பாடை கட்டக் கயிறு போதவில்லை. யாரோ விட்டத்துச் சைக்கிள் கயிற்றை அறுத்தார்கள். சாக்கோடு அது கீழே இறங்கியது. உறையைப் பிரித்தபோது கம்பியெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. ஒருவன் டயரை அழுத்திப் பார்த்தான். அது காய்ந்த மண் மாதிரி உதிர்ந்து அவன் விரலில் கரியாக ஒட்டியது. அவன் விரலைத் தூணில் துடைத்தான்.

வளையல் உடைக்கக் காத்திருந்த கிழவிகள் கெம்பம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழாத பெண்டாட்டியைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "நெஞ்சு கல்லாயிடுச்சி, அழச் சொல்லுங்கடி" என்றாள் ஒருத்தி. கல்லாகி வெகுநாளாகிறது, உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா என்று கெம்பம்மா நினைத்துக்கொண்டாள்.

கங்கப்ப தாசய்யா வந்ததும் வேலை சுறுசுறுப்பாயிற்று. நெற்றி நிறைய நாமம், தோளில் சங்கு, கையில் சேகண்டி, இடுப்பில் தொங்கும் செப்புப் பாத்திரம். அவர் முன்னால் ஊதிக்கொண்டு போகாமல் அந்த ஊரில் பிணம் நகராது. பிணத்தைப் பலகையில் கிடத்தி வாசலில் வைத்தார்கள். அண்டாவில் வெந்நீர் வந்தது.

"கைக்கட்டை அவுருப்பா. குளிப்பாட்டணும்" என்றார் தாசய்யா.

"இருக்கட்டும் சாமி. மார்வலியில இறுகிப்போச்சி. அப்பிடியே ஊத்துங்க" என்றான் ஆஞ்சப்பன்.

"கட்டோட குளிப்பாட்டறது இல்ல. அவுரு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஞ்சப்பனுக்கு வேறு வழியில்லை. துணியைப் பிரித்தான். வலதுகை முஷ்டி பிடித்தபடி வெளியே வந்தது. வெந்நீர் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு தலையில் விழுந்து தோள்வழியாக இறங்கியது. மூன்றாவது சொம்பில் விரலிடுக்கிலிருந்து நாலைந்து மணி நழுவி, தண்ணீரோடு பலகையில் ஓடி, தாசய்யாவின் காலடியில் ஒதுங்கியது.

தாசய்யா குனிந்து ஒரு மணியை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். குழி ராகியின் முடை நாற்றம் அந்த ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் அது எட்டிவிட்டது.

"ஏது இது?"

ஆஞ்சப்பன் சுற்றிப் பார்த்தான். அவன் கண் கூட்டத்துக்கு வெளியே, தூரமாக நின்றுகொண்டிருந்த சென்றாயன்மேல் விழுந்தது.

"இவன் வேலையாத்தான் இருக்கும். நேத்து குழியாண்ட சுத்திக்கினு இருந்தான். கல்லை நகத்தித் திருடிட்டு, நைனா படுக்கையாண்ட எறைச்சிருக்கான். திருட்டுப் பய."

"படுக்கையாண்ட எறைச்சது கைக்குள்ள எப்பிடிப் போச்சி?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"பதில் சொல்றா டேய்!" என்று ஆஞ்சப்பன் சென்றாயனைப் பார்த்துக் கத்தினான்.

சென்றாயன் பெண்சாதி சாந்தம்மா, "ஐயோ, சொல்லிடு, சொல்லிடு" என்று முனகினாள். அவன் அவளைப் பார்த்தான், ஆஞ்சப்பனைப் பார்த்தான். பிறகு இருபது வருஷமாக வேலை முடிந்து போகும்போதெல்லாம், எதையும் திருடவில்லை என்று காட்டச் செய்ததைச் செய்தான். தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் உதறினான். இடுப்பு வேட்டி மடியைப் பிரித்து உதறினான். தூசி மட்டும் விழுந்தது. உதறிய துண்டைப் பிடித்தபடியே நின்றான். நேற்று அந்தத் துண்டைத்தான் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

கெம்பம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. புருஷன்மேல் இருந்த கோபம், மகன்மேல் வந்த கோபம், பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த தன்மேல் இருந்த கோபம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"அவன் எதுக்குடா ஒதறணும்? ஒதற வேண்டியது நாம்" என்றாள்.

"அம்மா, நீ உள்ள போ."

"உங்க நைனா கட்டில்ல சாவல. குழியில செத்தாரு. இந்த சென்றாயன்தான் உசுரைக் குடுத்து எறங்கி எடுத்தான்."

"புத்தி கெட்டுப் பேசறா. யாராவது உள்ள கூட்டிக்கினு போங்க!"

ஒருவரும் நகரவில்லை. ஆஞ்சப்பன் அவள் கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "என் வாயில மண்ணைப் போட்டுட்டே. நாளையிலேந்து என் அடுப்புல உனக்குக் களி கெடையாது."

"வேணாம். தாசய்யாவுக்குப் போடறவங்க எனக்கும் ஒரு பிடி போடுவாங்க."

சொல்லிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்டாவிலிருந்து வெந்நீரைச் சொம்பில் மொண்டு, புருஷனின் முஷ்டியைச் சொம்புக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டாள். இறுக்கத்துக்கும் ஒரு காலக்கெடு உண்டு என்பது போல, அந்தக் கை காலையில் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. அவள் அவசரப்படவில்லை. நீவி நீவி விட்டாள். மோதிர விரல், நடுவிரல். உயிரோடிருந்தபோது ஒருநாளும் இவ்வளவு நேரம் அது அவள் கைக்குள் அடங்கியிருந்ததில்லை. அந்த விரல்களில் ராகி பதிந்த பள்ளங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பயம்! எதற்கு இத்தனை பயந்தாய் என்று கேட்கத் தோன்றியது அவளுக்கு.

"பாத்திரத்தைக் கொண்டாங்க, சாமி."

தாசய்யா செப்புப் பாத்திரத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் புருஷனின் கையைப் பாத்திரத்துக்கு நேராகத் தூக்கி, கடைசியாகக் கட்டைவிரலை விலக்கினாள். நனைந்த ராகி கட்டியாக விழுந்தது. ஒட்டிக்கொண்டிருந்த மணிகளைக்கூட அவள் தன் விரலால் வழித்துப் போட்டாள்.

"அவரு குடுத்தது இது" என்றாள். "மொத மொதல்ல."

தாசய்யா கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு சங்கை எடுத்து ஊதினார். பதினெட்டு வருஷமாக வெறும் பாத்திரத்தோடு அந்த வாசலில் ஊதிய அதே சங்குதான். வெங்கடம்மா இந்த முறை அடி தவறாமல் அழுதாள்.

ஒரு குழியிலிருந்து எடுத்தவரை இன்னொரு குழியில் இறக்கிவிட்டு ஆண்கள் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. புதைக்கும்போது கவுடரின் உள்ளங்கை விரிந்தே கிடந்தது என்று சொன்னார்கள். கெம்பம்மா கேட்டுக்கொண்டாள். வளையல் இல்லாத கை அவளுக்குப் பாரம் குறைந்ததாக இருந்தது. ஆஞ்சப்பன் வீட்டுக்குள் வராமல் வற்றிய கிணற்று மேட்டில், குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடப் போகவில்லை. கெம்பம்மாவுக்குப் போகலாமா என்று இருந்தது. போகவில்லை.

குழிவாயில் கல் நகர்ந்தது. கெம்பம்மா விளக்கை எடுத்துவந்து, டப்பாவிலிருந்த எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றிச் சென்றாயனிடம் கொடுத்தாள். அவன் பெரிதாகத் திரியை ஏற்றி இறக்கினான். பாதியில் சுடர் ஒருமுறை சுருங்கி அணைந்தது. மறுபடியும் கிளை கட்டிக் காற்றைப் புரட்டினார்கள். மறுபடியும் விளக்கை இறக்கினார்கள். அடிவரைக்கும் போய் ராகிமேல் உட்கார்ந்து விளக்கு நின்று எரிந்தது. அதன்பிறகும் சென்றாயன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறங்கினான்.

வேலிக்கு அப்பால் கூடையோடும் முறத்தோடும் ஜனங்கள் நின்றார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இலவசமாக வந்தால் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். யாரும் முதல் ஆளாக வரத் துணியவில்லை. கவுடர் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருப்பார் என்ற பயம் மண் போட்டபிறகும் போகவில்லை.

முதல் கூடை மேலே வந்து சாக்கில் கவிழ்ந்தது. கெம்பம்மா குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கண்கள் தாமாக மூடின. உதடு "நாராயணா" என்றது. கை பழக்கத்தில் திரும்பக் குவியலுக்கே போயிற்று.

பாதியில் நிறுத்தினாள். மூடியிருந்த தன் முஷ்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தூக்கி, "வா, சாந்தம்மா" என்று கூப்பிட்டாள்.

சாந்தம்மா தயங்கித் தயங்கி வந்து, தள்ளி நின்றபடியே முந்தானையை விரித்தாள். "கிட்ட வாடி" என்றாள் கெம்பம்மா. வந்தாள். கெம்பம்மா விரல்களைப் பிரித்தாள். அந்தப் பிடி விழுந்தது. அதன்மேல் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். முந்தானை கனத்துத் தொங்கியதும் சாந்தம்மா முடிச்சுப் போட்டு இடுப்பில் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

வேலிப்படலைத் தாண்டப்போகிற இடத்தில் அவள் கால் தானாக நின்றது. அந்த இடத்தில்தான் தினமும் துணியை உதறிக் காட்ட வேண்டும். முடிச்சின்மேல் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

கெம்பம்மா அடுத்த கூடைக்காகக் குனிந்திருந்தாள். சாந்தம்மா இன்னும் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, முடிச்சை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.